நெசவாளர் கடை இருந்த வீடு

கூட்டுறவைப் பற்றிப் பேசும் மேடைகளில் ராச்டேல் முன்னோடிகளின் பெயர் தவறாமல் ஒலிக்கிறது. அங்கத்தினர் பயிற்சி வகுப்புகளிலும் அவர்களுடைய கொள்கைகளே முதற்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆயினும் அக்கொள்கைகள் நடைமுறைக்கு வந்த கட்டடம் எத்தகையது, அது எவ்வாறு சங்கத்தின் கைக்கு வந்தது, பின்னர் அதன் நிலை என்னவாயிற்று என்பவற்றை நம்மில் பலர் அறியோம். சுவரையும் கூரையையும் பற்றிய செய்திதானே என்று இதனை ஒதுக்கிவிடுதல் கூடாது. சொந்தக் கட்டடம் எழுப்பவேண்டும் என்ற ஆர்வம் நம் நெசவாளர் சங்கங்களிலும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களிலும் அடிக்கடி தலைதூக்குகிறது. எப்போது கட்டலாம், எப்போது பொறுத்திருக்கலாம் என்று தீர்மானிக்க அந்தப் பழைய வீட்டின் வரலாறு நமக்குப் பெரிதும் துணைசெய்யும்.

ஊரும் தெருவும்

இங்கிலாந்தின் வடபகுதியில், மான்செஸ்டர் நகருக்கு ஏறக்குறைய 10 மைல் தொலைவில், ராச் என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்தது ராச்டேல். ஃபிளானல் எனப்படும் மெல்லிய கம்பளித் துணி நெசவுக்கு அவ்வூர் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பருத்தி ஆலைகளும் அங்கே பெருகின. விசைத்தறிகள் வந்தபின் கைத்தறியாளரின் கூலி குறைந்துகொண்டே சென்றது. 1844ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபிளானல் நெசவாளர் கூலி உயர்வு கேட்டுப் போராடித் தோற்றனர். வருமானம் குறைந்த நிலையில், கடைக்காரரிடம் கடன் சொல்லிப் பண்டம் வாங்கவேண்டிய நிர்ப்பந்தமும் அவர்களுக்கு இருந்தது. கடனுக்கு வாங்குவோர் விலையைக் கேட்க இயலாது. எடையைக் கேட்க இயலாது. மாவில் கலப்படம் இருந்தாலும் வாய்திறக்க இயலாது. பாவு நூலுக்கும் அரிசிக்கும் ஒரே கடைக்காரரை நம்பியிருந்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் நம் பெரியவர்களுக்கு இந்நிலையை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

ராச்டேலின் பழைய தெருக்களுள் ஒன்று தோட் லேன். 'தோட்' என்றால் ஆங்கிலத்தில் தேரை. 'லேன்' என்றால் சந்து. ஆனால் தேரைக்கும் இச்சந்துக்கும் தொடர்பு ஒன்றுமில்லை என்றும், 'பழைய சந்து' என்று பொருள்படும் அவ்வூர்ப் பேச்சுவழக்கே மருவி இப்பெயராயிற்று என்றும் கூறுவர். இச்சந்தில் 31ஆம் எண்ணுடைய கட்டடமே நாம் அறிய விரும்பும் வீடு.

வீட்டின் அமைப்பு

வழக்கத்தை ஒட்டி வீடு என்று கூறினோமேயன்றி, இது குடியிருப்பதற்கென்று கட்டப்பட்டதன்று. சரக்கு வைக்கும் கிடங்காகவே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. செங்கற்சுவர், சரிவான கூரை, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தளங்கள். இவ்வளவே அதன் அமைப்பு. முகப்பில் தூண்களோ சிற்பங்களோ வளைவுகளோ இல்லை. தெருவோரத்தில் ஒட்டியே சுவர் எழுகிறது. அகன்ற முன்றிலும் கிடையாது. அக்காலத்து ஆங்கிலக் கனவான்களின் மாளிகைகளோடு இதனை ஒப்பிட்டால், கோயில் கோபுரத்தின் அருகே நிற்கும் களஞ்சியம் போலத் தோன்றும்.

ஆனால் கிடங்கு என்ற முறையில் அதற்குரிய தகுதிகள் யாவும் இதற்கு உண்டு. பாரம் தாங்கும் தடித்த சுவர், ஈரம் புகாத மேல்தளங்கள், வண்டி வந்து நின்று சரக்கை இறக்குவதற்கேற்ற தெருவோர வாயில் ஆகியவை வாணிகத்துக்கு வேண்டியவை. ஒவ்வொரு தளமும் தனித்தனியே பிரித்து வாடகைக்கு விடத்தக்கதாக இருந்தது மற்றொரு வசதி. ஏழைகள் தொடங்கிய சங்கம் ஒன்று அங்கே கால் வைக்க முடிந்ததற்கு இந்த வசதியே காரணம்.

இருபத்தெட்டுப் பவுன்

முன்னோடிகள் எனப்படுவோர் தொடக்கத்தில் 28 பேர். அவர்களுள் நெசவாளர் பலர். பிற தொழில் செய்தோரும் இருந்தனர். 1844ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் கூடிச் சங்கம் அமைத்தனர். அக்டோபர் 24ஆம் நாள் அதனைப் பதிவு செய்தனர். வாரந்தோறும் சில பென்சுகளாகச் சேமித்துத் திரட்டிய முதல் 28 பவுன். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். வாரத்துக்கு 2 பென்ஸ் கட்டினால் ஒரு பவுன் சேர 120 வாரங்கள் ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த 28 பவுனின் அருமை விளங்கும்.

அவர்களுடைய விதிகளில் குறிக்கப்பெற்ற நோக்கங்களோ மிகப் பெரியவை. பண்டகசாலை திறத்தல், அங்கத்தினர் குடியிருக்க வீடுகள் கட்டுதல், வேலையற்ற அங்கத்தினருக்காகப் பொருள்களை உற்பத்தி செய்தல், நிலம் வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ பயிரிடுதல் முதலியவை அவ்வரிசையில் உள்ளன. இவ்வளவு பெரிய நோக்கங்களை எழுதிவைத்தவர்கள், செயலில் இறங்கும்போது வாடகைக்கு எடுத்தது கிடங்கு ஒன்றின் கீழ்த்தளம் மட்டுமே. ஆண்டு வாடகை 10 பவுன், மூன்றாண்டுக் குத்தகை. பெயர் தெரியாத ஏழைச் சங்கத்தைக் குடியாக ஏற்க உரிமையாளர் தயங்கியபோது, முன்னோடிகளுள் ஒருவராகிய சார்லஸ் ஹோவர்த் தம் பெயரிலேயே குத்தகைப் பொறுப்பை ஏற்றார். சங்கத்தின் பெயருக்கு மதிப்பு உண்டாகும் வரையில், அங்கத்தினர் ஒருவருடைய சொல்லே அதற்குப் பிணையாக நின்றது.

கையிலிருந்த 28 பவுனில் சரக்குக்குச் செலவிட்டது 16 பவுன், 11 ஷில்லிங், 11 பென்ஸ். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 59 பங்கு விற்பனைப் பண்டமாயிற்று. மீதமே வாடகைக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் பயன்பட்டது. வாங்கிய பண்டங்களும் எளியவை: 28 ராத்தல் வெண்ணெய், 56 ராத்தல் சர்க்கரை, ஏறக்குறைய 300 கிலோ கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள். நமது கணக்கில் வெண்ணெய் 13 கிலோவுக்கும் சர்க்கரை 26 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. பீப்பாய்கள்மேல் ஒரு பலகையைக் கிடத்தி, அதனையே விற்பனை மேடையாகக் கொண்டனர் என்பது வழிவழி வந்த செய்தி.

1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், சனிக்கிழமை இரவு 8 மணிக்குக் கதவு திறக்கப்பட்டது. சந்தில் கூடியிருந்த ஆலைச் சிறுவர்கள், பழைய நெசவாளர் கடை ஒருவாறு திறந்தாயிற்று என்று கூவி நகைத்தனர். சாமுவேல் ஆஷ்வொர்த் விற்பனையைக் கவனித்தார். வில்லியம் கூப்பர் பணத்தைப் பெற்றுக் கணக்கு வைத்தார். முதலில் திங்களும் சனியுமாக வாரத்தில் இரு மாலைகளில் மட்டுமே கடை திறந்திருந்தது. பகலெல்லாம் தறியிலும் ஆலையிலும் உழைப்போர் வந்து வாங்குவதற்கும், உழைப்போரே வந்து விற்பதற்கும் ஏற்ற நேரம் அதுவே. ரொக்கத்துக்கே விற்பனை, கடன் இல்லை. எடை சரியாகவும் பண்டம் கலப்படமற்றதாகவும் இருந்தன. ஆண் பெண் யாவர்க்கும் ஒருவருக்கு ஒரு வாக்கு. மிஞ்சிய லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பங்கிட்டனர்.

தளம் தளமாக வளர்ந்த சங்கம்

முதலாண்டு முடிவில், அதாவது 1845இல், அங்கத்தினர் 74 பேர். முதல் 181 பவுன். ஆண்டு விற்பனை 710 பவுன். போட்ட பணம் ஓராண்டில் ஏறத்தாழ நான்கு முறை சரக்காகி, விற்று, மீண்டும் பணமாகித் திரும்பியது என்பது இதன் பொருள். அந்தப் பணம் சுவரில் புதைந்திருக்குமானால் ஒருமுறைகூடத் திரும்பியிராது.

பிறகு ஒவ்வொன்றாகப் புதுப் பண்டங்கள் சேர்ந்தன. 1845இல் தேயிலையும் புகையிலையும், 1846இல் இறைச்சியும், 1847இல் துணிகளும் விற்கத் தொடங்கினர். அங்கத்தினர் தொகை 1848இல் 140 ஆயிற்று. மறு ஆண்டில் அது 390 ஆக உயர்ந்தது. முதல் 397 பவுனிலிருந்து 1,193 பவுனாகப் பெருகியது.

ஓராண்டில் இவ்வளவு ஏற்றம் எவ்வாறு உண்டாயிற்று? 1849இல் அவ்வூரின் சேமிப்பு வங்கி மோசடியால் முறிந்தது. உழைப்பாளர் பலர் சேர்த்து வைத்த பணத்தை இழந்தனர். அதன்பின் ஊரார் கண்கள் தோட் லேன் கடையை நோக்கித் திரும்பின. அங்கே உயர்ந்த கட்டடம் இல்லை. பளபளப்பான மேசை இல்லை. ஆனால் காலாண்டுதோறும் கணக்கு அங்கத்தினர் முன் வைக்கப்பட்டது; கேள்வி கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை இருந்தது. மக்கள் கணக்கை நம்பினர். அவர்களுடைய பணமும் அங்கே வந்தது.

அவ்வாண்டிலேதான் முன்னோடிகள் கட்டடம் முழுவதையும் 21 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தனர். ஓர் அறை செய்தித்தாள் படிக்கும் இடமாயிற்று; மற்றோர் அறை நூலகமாயிற்று. 1852இல் தையலும் காலணி செய்தலும் தொடங்கின. 1853 முதல் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கு அங்கத்தினர் கல்விக்கென்று ஒதுக்கப்பட்டது. கீழே மாவும் சர்க்கரையும் விற்ற வீட்டில், மேலே நெசவாளரும் அவர்தம் பிள்ளைகளும் நூல்களைப் படித்தனர். கட்டடத்தின் அமைப்பில் பெரிய மாறுதல் ஒன்றுமில்லை; அதன் பயனே தளத்துக்குத் தளம் உயர்ந்தது.

விளைவிப்போரும் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கடையில் மிகுதியாக விற்ற பண்டம் மாவு. நல்ல மாவு தடையின்றிக் கிடைக்கவேண்டும் என்ற தேவை முற்றியபோது, 1850இல் கூட்டுறவு மாவு ஆலைச் சங்கம் தோன்றியது. விற்பனை முதலில் நிலைபெற்றது. ஆலை பின்னர் வந்தது. நெல்லோ நிலக்கடலையோ கொள்முதல் செய்யும் நமது சங்கங்கள், ஆலை வைத்துவிட்டுச் சரக்குத் தேடுவதைக் காட்டிலும், இந்த வரிசையைப் பின்பற்றுதல் நலம்.

1850இல் அங்கத்தினர் 600 பேர். ஆண்டு விற்பனை 13,179 பவுன். 1860இல் அங்கத்தினர் 3,450 பேர். விற்பனை 1,52,063 பவுன். இவ்வளவு வாணிகமும் பெருகிய பின்னரே, 1867இல், அதே தோட் லேனில் சங்கம் தன் பெரிய மத்திய பண்டகசாலையைத் திறந்தது. முதற்கடை திறந்து அப்போது ஏறத்தாழ 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கத்தினருக்கு வீடு கட்டும் நோக்கமும் மறக்கப்படவில்லை. அதற்கென 1861இல் தனி நிறுவனம் ஏற்பட்டது. ஈக்விடபிள் தெரு, பயனியர் தெரு என்னும் பெயர்கள் அவ்வூரில் அந்த முயற்சியின் நினைவாக நிற்கின்றன.

வீடு திரும்பி வந்த கதை

சங்கம் புதுக் கட்டடத்துக்குச் சென்றபின், 31ஆம் எண் வீடு பிறர் கைக்குச் சென்றது. அரைநூற்றாண்டுக்கும் மேலாக வேறு வாணிகங்கள் அங்கே நடைபெற்றன. உலகத்தின் பல நாடுகளிலும் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகிய பின்னரே, தொடக்க இடத்தைக் காப்பது கடமை என்ற உணர்வு எழுந்தது. 1925இல் கூட்டுறவு இயக்கத்தார் அவ்வீட்டை விலைக்கு வாங்கினர். கடையின் முன்பகுதியை 1844இல் இருந்த தோற்றத்தை ஒட்டித் திரும்ப அமைத்து, 1931இல் அருங்காட்சியகமாகத் திறந்தனர். பத்துப் பவுன் வாடகைக்கு ஒரு தளத்தை மட்டும் எடுக்க முடிந்தவர்களின் வழிவந்தோர், அந்த வீடு முழுவதற்கும் உரிமையாளர் ஆயினர்.

இருபதாம் நூற்றாண்டில் நடந்த நகரச் சீரமைப்பில் தோட் லேனின் பெரும்பகுதி மாறிவிட்டது. எஞ்சிய சிறு பகுதியில், பழைய கற்கள் பாவிய தெருவோரத்தில் இவ்வீடு நிற்கிறது. எதிரே செயின்ட் மேரி தேவாலயம் உள்ளது. சட்டப் பாதுகாப்புப் பெற்ற வரலாற்றுக் கட்டடங்களின் பட்டியலில் இதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்த 2012இல், விரிவான பழுதுபார்ப்புக்குப் பின் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டது. முன்னறையில் பீப்பாய்களும் பலகையும் தராசும் பழையபடி வைக்கப்பட்டுள்ளன. அங்கே செல்லும் வெளிநாட்டுக் கூட்டுறவாளர்கள், இவ்வளவு சிறிய அறையா என்று வியப்பது இயல்பே.

இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904இல் வந்தது. அதே ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் பண்டகசாலை நடத்தத் தொடங்கியது. நம் நாட்டு நுகர்வோர் கூட்டுறவுக்கு அதுவே முன்னோடி. ராச்டேல் வழி நமக்குப் புதிதன்று.

நமக்குரிய பாடம்

இவ்வளவும் கூறியதன் நோக்கம் கட்டடமே வேண்டாம் என்று வாதிப்பதன்று. நூலை ஈரத்திலும் எலியிடத்திலும் விட்டுவைக்கும் நெசவாளர் சங்கத்துக்கு நல்ல கிடங்கு இன்றியமையாதது. மழைக்காலத்தில் விளைபொருளைத் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கும் சங்கத்துக்கும் அவ்வாறே. ஆயினும், தணிக்கைக்காகச் செல்லும் இடங்களில் வேறொரு காட்சியும் கண்ணில் படுகிறது. முகப்பில் பெயர் பொறித்த புதுக் கட்டடம் இருக்கும். உள்ளே அலமாரியில் சேலை இராது. நூல் கொள்முதலுக்குப் பணம் இராது. அங்கத்தினரின் பங்குத்தொகையும் கடனாகப் பெற்ற தொகையும் செங்கல்லாகிவிட்டமையால், தறிகள் பாவின்றி நிற்கும். கட்டடத்தின் மதிப்பு ஐந்தொகையில் சொத்தாகத்தான் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்தச் சொத்தை நூலாக்கித் தறியில் ஏற்ற இயலாது. கூலி கிடைக்காத நெசவாளர் வெளி வியாபாரியிடம் செல்வார். அவ்வாறு சென்றவரைத் திரும்ப அழைப்பது எளிதன்று.

ஆகையால், கட்டடத் தீர்மானம் பொதுச்சபைக்கு வரும்போது அங்கத்தினர் சில கேள்விகளைக் கட்டாயம் கேட்கவேண்டும்.

முதலாவது, சங்கத்தின் முதல் ஓராண்டில் எத்தனை முறை சரக்காகிப் பணமாகத் திரும்புகிறது? முன்னோடிகளுக்கு முதலாண்டில் ஏறத்தாழ நான்கு முறை திரும்பியது. 1850இல் ஐந்து முறைக்கு மேல் திரும்பியது. நமது தொழிலில் பருவத்துக்குப் பருவம் இது வேறுபடலாம். ஆண்டுக்காண்டு உயர்கிறதா, குறைகிறதா என்பதே பார்க்கவேண்டியது.

இரண்டாவது, இப்போது கொடுக்கும் வாடகை எவ்வளவு? கட்டப்போகும் கடனுக்கு ஆண்டு வட்டி எவ்வளவு? வட்டி வாடகையைக் காட்டிலும் மிகுதியாக இருந்தால், அந்த வேறுபாட்டை எந்த லாபத்திலிருந்து கொடுப்பது?

மூன்றாவது, கட்டடத்துக்கான பணம் ஆண்டுதோறும் நிகர லாபத்திலிருந்து ஒதுக்கிச் சேர்த்த கட்டட நிதியா, அல்லது நூலுக்கும் கொள்முதலுக்கும் உரிய நடைமுறை மூலதனமா? முன்னதாயின் கட்டலாம். பின்னதாயின் பொறுக்கவேண்டும்.

நான்காவது, இப்போதுள்ள இடம் முழுவதும் பயன்படுகிறதா? ஒரு தளம் நிரம்பிய பின்னரே அடுத்த தளத்தை முன்னோடிகள் எடுத்தனர். பின்கட்டில் உடைந்த தறிச் சாமான்களை அடைத்து வைத்துவிட்டு இடம் போதவில்லை என்று கூறுதல் நியாயமன்று.

இக்கேள்விகளுக்கு நிர்வாகிகள் எழுத்துமூலம் விடை கூறட்டும். விடை தக்கதாக இருந்தால் அங்கத்தினர் மனமுவந்து கை உயர்த்தலாம். இல்லையெனில் மறு ஆண்டுக்குத் தள்ளி வைக்கலாம். அவ்வாறு தள்ளி வைப்பதால் சங்கத்துக்கு இழிவு ஒன்றும் நேராது. தோட் லேன் 31ஆம் எண் வீட்டில் அந்த நெசவாளர்கள் 23 ஆண்டுகள் வாடகை கொடுத்தே வாணிகம் செய்தனர். அக்காலத்தில் அவர்களுடைய பணம் மாவாகவும் துணியாகவும் நூலாகவும் அங்கத்தினர் வீடுகளுக்குச் சென்றுகொண்டிருந்தது.